சும்மா இருக்கும்போது விழுகிற கணினி

ஓவர்கிளாக் செய்த, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற கணினி எப்போது விழும் என்று கேட்டால், லோடு ஏறும்போது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வீடியோ ரெண்டர் ஆகும்போது, கேம் ஓடும்போது, ஃபேன் கத்தும்போது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அது உண்மையும்கூட. இப்போது என் மேஜையில் இருக்கும் ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசசர் அப்படி விழுந்ததே இல்லை. அதன் ஆறு கோரையும் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) சேர்த்து இரவு முழுக்க பிரைம்95 என்ற கடும் சோதனை மென்பொருளைப் போட்டு வறுத்தாலும் காலையில் சமத்தாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து பக்கத்தைத் தள்ளினால் திரை கறுத்து, மதர்போர்டு லோகோ வந்து நிற்கும். சில நாள் யாருமே தொடாமல் கிடக்கும்போதே ரீஸ்டார்ட் ஆகியிருக்கும்.

இது என் ப்ராசசருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இந்தக் காலத்து ப்ராசசர் தன் வேகத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது. அதனால் சோதிக்கிற முறையும் மாறியாக வேண்டும்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 தொடக்கத்தில் இன்டெல் ஐ5-2500கே வந்தது. நாலு கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.7. பேஸ் கிளாக், அதாவது அடிப்படைத் துடிப்பு, 100 மெகாஹெர்ட்ஸ்; அதை 33ஆல் பெருக்கினால் 3.3. அந்தப் பெருக்கலை மாற்ற விடும் சில்லுக்குத்தான் பெயரின் கடைசியில் 'கே' இருக்கும். பேஸ் கிளாக்கைத் தொட்டால் மற்ற பாகங்களுக்குப் போகும் இணைப்புப் பாதைகளும் சேர்ந்து இழுபடும், சில சதவீதத்துக்கு மேல் தாங்காது. அதனால் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: பெருக்கலை 44, 45 என்று ஏற்று, வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டு, பிரைம்95 போட்டுவிட்டுத் தூங்கப் போ. நீலத் திரை வந்து அதில் 101 என்றோ 124 என்றோ முடிகிற எண் தெரிந்தால், இன்னும் கொஞ்சம் வோல்டேஜ். நல்ல கூலர் இருந்தால் 3.3 வாங்கிய ஆள் 4.4இல் ஓட்டலாம். மூன்றில் ஒரு பங்கு வேகம் இலவசம். நானும் அதை வருஷக்கணக்கில் அனுபவித்தேன்.

அந்த இலவசம் இப்போது கிடையாது. சில்லுக்குள் இருக்கும் தாங்குதிறனை நமக்கு விட்டுவைக்காமல் கம்பெனியே கடைசிச் சொட்டு வரை பிழிந்து விற்கிறது. 2020 நவம்பரில் வந்த 5600எக்ஸின் பெட்டியில் 3.7 கிகாஹெர்ட்ஸ் என்றும் பூஸ்ட் 4.6 என்றும் போட்டிருக்கும். ஒரே ஒரு கோருக்கு வேலை வந்தால் என்னுடையது தானாகவே 4.65 தொடுகிறது. ஆறு கோரையும் 4.6இல் பூட்டி, பழைய பாணியில் ஓவர்கிளாக் செய்தேன் என்று ஒருவர் சொன்னால், ஒற்றைக் கோர் வேலையில் அவர் எதையும் சம்பாதிக்கவில்லை, கொஞ்சம் இழந்தும் இருப்பார். கூடவே சூடும் மின்சாரமும் சும்மா ஏறும்.

சூட்டின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ப்ராசசர் உண்ணும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜ் கூடினாலோ, அதன் வர்க்கத்தின் அளவுக்கு ஏறும். 4 கிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட்டில் ஓடுவதை 4.4க்குக் கொண்டுபோக 1.35 வோல்ட் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் 10 சதவீதம் கூடியது. மின்சாரம் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடியது. அந்த 40 சதவீதமும் நம் அறைக்குள்தான் சூடாக வந்து இறங்கும்.

சரி, ரைசனில் என்ன செய்யலாம்? பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், பிபிஓ (ப்ராசசரின் வரம்புகளைத் தளர்த்தும் வசதி) என்ற பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்று இருக்கிறது. எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்று ஒவ்வொரு கோருக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு வளைகோடு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை அப்படியே கீழே இறக்கலாம், மேலே ஏற்றலாம். மைனஸ் 30 முதல் பிளஸ் 30 வரை. ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். இறக்கினால் அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ், குறைந்த சூடு. அப்படி மிச்சமாகும் இடத்தைப் பார்த்து ப்ராசசர் தானே இன்னும் கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளும். வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவது பழைய ஆட்களுக்குத் தலைகீழாகத் தெரியும். எனக்கும் பழகக் கொஞ்ச நாள் ஆனது.

எந்தக் கோர் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காகவே முதலில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 வைத்தேன். வேகத்துக்கு மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 ஓடியது, மதிப்பெண்ணும் ஏறியது. பிரைம்95இல் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனை இரவு முழுக்க ஓடியது. வெறும் இந்த இரண்டை வைத்துக்கொண்டு இணையத்தில் ஸ்க்ரீன்ஷாட் போடுகிறவர்கள் ஏராளம். அடுத்த நாள் மத்தியானம், முன்பு சொன்ன பிடிஎஃப்.

திரும்ப ஆன் ஆனதும் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் பகுதியைப் பார்க்க வேண்டும். சிவப்புக் குறியோடு கெர்னல்-பவர் 41 என்று ஒன்று இருக்கும். அது எதையும் சொல்லாது. ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் மறுபடி ஆன் ஆனது என்பதைத் தவிர அதில் விஷயம் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே, ஹார்டுவேர் பிழையைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ-லாகர், ஈவென்ட் 18 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் வாக்குமூலம். உள்ளே கேஷ் ஹயரார்க்கி எரர் என்ற வரியும், அதற்குக் கீழே ப்ராசசர் ஏபிக் ஐடி என்று ஓர் எண்ணும் இருக்கும். 5600எக்ஸில் கோருக்கு இரண்டு திரெட், அதாவது ஒவ்வொரு கோரும் விண்டோஸுக்கு இரண்டாகத் தெரியும். அதனால் 0, 1 என்றால் முதல் கோர்; 2, 3 என்றால் அடுத்தது. எண்ணை இரண்டால் வகுத்து, மிச்சத்தை விட்டுவிட்டால் கோர் எண் கிடைத்துவிடும், பயாஸிலும் அதே மாதிரி 0இலிருந்து எண்ணியிருப்பார்கள். எனக்கு வந்தது 5. ஆக கோர் 2. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்டு, இருப்பதிலேயே சிறந்தது என்று காட்டுகிற அதே கோர்.

சிறந்த கோர்தான் முதலில் விழும் என்பது வினோதமாகத் தோன்றலாம். யோசித்தால் நியாயம்தான். நல்ல கோர் என்று தெரிந்ததால்தான் தொழிற்சாலையிலேயே அதற்குக் குறைந்த வோல்டேஜ் எழுதியிருக்கிறார்கள், உச்ச வேகத்துக்கு முதலில் அனுப்புவதும் அதைத்தான். ஏற்கெனவே இறுக்கமாக வைத்ததை மேலும் இறுக்க இடம் கிடையாது. சுமாரான கோர்களுக்கு வோல்டேஜ் தாராளமாகக் கொடுத்திருப்பார்கள், அவற்றில் 20, 25 என்று இறக்கலாம். எல்லாக் கோருக்கும் ஒரே எண் வைப்பது வசதிதான். ஆனால் முதலில் விழும் கோருக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் கட்டிப்போடுவதாக அது முடியும்.

இப்போது முக்கியமான கேள்வி. ராத்திரி முழுக்க அடித்தபோது விழாதது, பிடிஎஃப் படிக்கும்போது ஏன் விழுந்தது?

5600எக்ஸுக்கு மொத்தமாக 76 வாட் என்று ஒரு வரம்பு இருக்கிறது, பிபிடி என்பார்கள். பிரைம்95 ஆறு கோரையும் நெருக்கும்போது அந்த 76 வாட் தீர்ந்துபோய் வேகம் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கும், வோல்டேஜும் இறங்கிவிடும். அதாவது அந்த எட்டு மணி நேரமும் நாம் சோதித்தது வளைகோட்டின் நடுப்பகுதியை. 4.65 இருக்கிற உச்சிப் பக்கம் ப்ராசசர் அன்றிரவு போகவே இல்லை. பிடிஎஃப்பில் பக்கம் தள்ளும்போது என்ன நடக்கிறது? தூங்கிக்கொண்டிருந்த ஒரு கோர் விழித்து, கண்சிமிட்டும் நேரத்தில் உச்சிக்குத் தாவி, வேலையை முடித்து, மறுபடி தூங்கப் போகிறது. இது ஒரு நிமிஷத்துக்குள் எத்தனையோ முறை நடக்கும். அந்தத் தாவலில் ஏதோ ஒரு தருணம் வோல்டேஜ் சில மில்லிவோல்ட் பற்றாமல் போனால் கதை முடிந்தது.

அந்தத் தருணத்தை நம் வீட்டிலேயே பார்க்கலாம். போர் மோட்டார் போட்டதும் ஒரு நொடி ட்யூப்லைட் மங்கி மீள்கிறதே, அதே சமாச்சாரம்தான். திடீரென்று மின்னோட்டத் தேவை எகிறினால் வோல்டேஜ் ஒரு கணம் குழி விழும். அந்தக் குழியை நிரப்பத்தான் பயாஸில் லோட் லைன் கேலிபரேஷன் என்ற அமைப்பு இருக்கிறது. அதை உச்சத்தில் வைத்துவிட்டால் குழி மறையும், ஆனால் லோடு விலகும் கணத்தில் வோல்டேஜ் எதிர்ப்பக்கம் துள்ளும். கையால் வோல்டேஜ் வைக்கிறவர்கள் நடுவில் ஓர் இடத்தில் வைப்பதே நல்லது. கர்வ் ஆப்டிமைசரோடு விளையாடுகிறவர்கள் அதை ஆட்டோவிலேயே விட்டுவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு கோரையும் தனித்தனியாக உச்சிக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். அதற்காகவே கோர்சைக்ளர் என்று இலவசமாக ஒன்று கிடைக்கிறது. உள்ளே ஓடுவது அதே பிரைம்95தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே கோரில், அதுவும் எஸ்எஸ்இ கட்டளைகளை வைத்து. கனமான ஏவிஎக்ஸ்2 கட்டளைகளைப் போட்டால் சூடு ஏறி வேகம் இறங்கிவிடும். எஸ்எஸ்இ லேசானது, அதனால் கோர் உச்சியிலேயே நின்று வேலை செய்யும். லேசான சோதனையே இங்கே கடுமையான சோதனை. எந்தக் கோரில் பிழை வந்தது என்று அதுவே எழுதிவைத்துவிட்டு அடுத்த கோருக்குப் போய்விடும். என் கோர் 2 மைனஸ் 30இல் சில நிமிஷம்கூட நிற்கவில்லை.

அப்புறம் பொறுமைதான் வேலை. விழுந்த கோரை மட்டும் சில படி மேலே தூக்கு, மறுபடி ஓட்டு. ஒரு கோர் அரை மணி நேரம் தாங்கியது என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. கோருக்கு ஒரு மணி என்று வைத்து, ஆறு கோரையும் ராத்திரியோடு ராத்திரியாகச் சுற்றவிட்டால்தான் எல்லையில் நிற்கும் கோர் காட்டிக்கொடுக்கும். பிழை நின்ற இடத்திலிருந்து மேலும் மூன்று நாலு படி தளர்த்தி வைத்தேன். பிழை நின்ற இடத்திலேயே விட்டுவிடுவது மதிப்பெண்ணுக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லதில்லை.

இரவில் ஓட்டும்போது நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு: கரண்ட். காலையில் எழுந்து பார்த்தால் கணினி லாகின் திரையில் நிற்கிறது. கோர் விழுந்ததா, மூணு மணிக்குக் கரண்ட் போய் வந்ததா? கெர்னல்-பவர் 41 இரண்டுக்கும் வரும். டபிள்யூஎச்இஏ இல்லாமல் வெறும் ரீஸ்டார்ட் ஆன நாட்களும் உண்டு. நான் வைஃபை ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, எவ்வளவு நேரமாக ஆனில் இருக்கிறது என்று பார்ப்பேன். ரௌட்டரும் அதே நேரத்தில் புதிதாக ஆன் ஆகியிருந்தால் பழி மின்சாரத்தின் மேல். ரௌட்டருக்குத் தனி மினி யூபிஎஸ் வைத்திருக்கிறவர்கள் மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்க்கலாம், பன்னிரண்டு மினுக்கிக்கொண்டிருக்கும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருக்க முடியாது. மாறுகிற அந்தக் கணத்தில் பல இன்வெர்ட்டர்கள் டியூப்லைட்டைக் காப்பாற்றும், கணினியைக் காப்பாற்றாது. கணினிக்கென்று யூபிஎஸ் இருந்தாலும் முழு லோடில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரி பழசாகியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பயாஸ் அப்டேட் செய்வதானால் யூபிஎஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று வெயில். வெளிநாட்டு விமர்சனங்களில் கூலர் சோதிக்கும் அறை பெரும்பாலும் 20 சொச்சம் டிகிரியில் இருக்கும். மதுரையில் மாடி வீட்டு அறை சித்திரை மாதம் மத்தியானம் சாதாரணமாக 35ஐத் தாண்டும். காற்றுக் கூலர் செய்வது ஒன்றுதான்: அறையின் சூட்டுக்கு மேல் ப்ராசசர் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கட்டுப்படுத்துவது. அறை 12 டிகிரி கூடினால் ப்ராசசரும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். அவர்கள் வீடியோவில் 70 காட்டியது இங்கே 80க்கு மேல் போகும், கூலர் மேல் குற்றமில்லை. 5600எக்ஸின் கோர்கள் எல்லாம் 80 சதுர மில்லிமீட்டர் சொச்சமே இருக்கும் ஒரு சின்னத் துண்டில் இருக்கின்றன. விரல் நகத்தைவிடச் சிறிய இடத்திலிருந்து அத்தனை சூட்டையும் வெளியே எடுக்க வேண்டும். பெட்டியோடு வந்த கூலரை வைத்துக்கொண்டு பிபிஓ பக்கம் போவதில் அர்த்தமில்லை, கடுமையான லோடில் அது 90ஐ நெருங்கிவிடும். 95 வந்தால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த ஒரு டவர் கூலருக்கு மாறினேன். அதற்குமேல் தண்ணீர் கூலர் வாங்கிப் போடுவது 76 வாட் ப்ராசசருக்கு வீண் செலவு என்பது என் கருத்து.

மார்கழியில் சரிபார்த்த அமைப்பைச் சித்திரையில் ஒருமுறை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியிருப்பதும் இதனால்தான். சூடு கூடினால் அதே வேகத்துக்கு வேண்டிய வோல்டேஜும் கூடுகிறது, கசியும் மின்னோட்டமும் கூடுகிறது. ஏசி போட்ட அறையில் சோதித்துவிட்டு, ஏசி இல்லாமல் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

வெயில் என்றதும் நண்பன் ஒருவனின் ஸ்டுடியோ ஞாபகம் வருகிறது. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், என்னைவிடச் சின்னவன். ஒரு நாள் போன் செய்தான்.

"அண்ணே, காலையில ஒழுங்கா ஓடுது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ரெண்டர் போட்டா பாதியில நிக்குது. வைரஸாண்ணே?"

"வைரஸுக்கு மணி பாக்கத் தெரியாதுப்பா. ராம் என்ன போட்டிருக்க?"

நாலு துண்டு போட்டிருந்தான். முதலில் வாங்கிய ஜோடி ஒன்று, பிறகு வேலை கூடியதும் வாங்கிய இன்னொரு ஜோடி. கடையில் எக்ஸ்எம்பி (ராமை அதன் மேல் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் அமைப்பு) ஆன் செய்து 3600இல் விட்டிருந்தார்கள். அவன் ஓவர்கிளாக் செய்யவே இல்லை என்று சத்தியம் செய்தான். எக்ஸ்எம்பியே ஓவர்கிளாக்தான் என்பது பலருக்குத் தெரியாது. 5600எக்ஸுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் உச்சம் டிடிஆர்4-3200. அதற்கு மேல் போவது நம் பொறுப்பு. அதிலும் நாலு துண்டு என்றால் ப்ராசசருக்குள் ராமைக் கவனிக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு இரண்டு துண்டைவிடக் கஷ்டம்.

மெமரி சரிதானா என்று அவனே மெம்டெஸ்ட்86 போட்டுப் பார்த்திருந்தான், பிழையே இல்லை. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெம்டெஸ்ட்86 பென்டிரைவிலிருந்து பூட் ஆகி ஓடும். அப்போது கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை இல்லை, கேபினெட்டுக்குள் குளுகுளு என்று இருக்கும். ரெண்டர் ஓடும்போதோ கிராபிக்ஸ் கார்டு தன் சூட்டையெல்லாம் நேராக மேலே இருக்கும் ராம் பக்கம் ஊதுகிறது. அவனுடைய ஒரு ஜோடியில் சென்சார் இருந்தது. மத்தியானம் கேபினெட் கதவை மூடி, ஒரு பக்கம் கிராபிக்ஸ் கார்டை ஓடவிட்டு, மறுபக்கம் விண்டோஸுக்குள்ளேயே டெஸ்ட்மெம்5 ஓட்டினோம். ராம் சூடு 50ஐத் தாண்டியதும் பிழைகள் வரிசையாக வந்தன. 3200க்கு இறக்கி, பின்பக்கம் ஓடாமல் இருந்த ஃபேனுக்கு ஒயர் கொடுத்ததும் அதே சோதனை சுத்தமாக ஓடியது. அவன் ரெண்டர் நேரத்தில் வித்தியாசம் எதுவும் சொல்லவில்லை.

இதனால்தான் நான் யாருக்கும் ராமிலிருந்து தொடங்கச் சொல்வேன். ப்ராசசரைத் தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவிட்டு, முதலில் ராமை மட்டும் சோதித்து முடிக்க வேண்டும். பிறகு ப்ராசசர். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு விழுந்தால் எது விழுந்தது என்று கண்டுபிடிக்க வாரம் போய்விடும். ராமோடு சேர்ந்தே ஓடும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கையும் (ப்ராசசரின் உள்துண்டுகளை இணைக்கும் பாதை) மறக்கக் கூடாது. 3600க்கு அது 1800 மெகாஹெர்ட்ஸ். 1900, அதற்கு மேல் என்று தள்ளினால் பல நேரம் கணினி விழாது, ஆனால் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ ஈவென்ட் 19 மழையாகப் பொழியும். 18 என்றால் திருத்த முடியாமல் விழுந்த பிழை, 19 என்றால் திருத்திக்கொண்டு ஓடிய பிழை. திருத்திவிட்டதே என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு திருத்தத்துக்கும் நேரம் போகிறது. வேகம் கூட்டிய பிறகு மதிப்பெண் குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

விழுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் விழுகிற கணினி நேர்மையானது. எனக்குப் பயம் விழாமல் தப்பாகக் கணக்குப் போடும் கணினிமேல்தான்.

பிரைம்95 எதற்காக எழுதப்பட்டது என்று பார்த்தால் இது விளங்கும். ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் திட்டத்துக்காக வந்த மென்பொருள் அது. மெர்சென் பகா எண்களைத் தேடும் திட்டம். ஓவர்கிளாக் ஆட்கள் அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது பிறகுதான். பிரமாண்டமான எண்களைத் தசமப் புள்ளி எண்களாக மாற்றிப் பெருக்குகிறது. பெருக்கி முடித்த விடைகள் முழு எண்ணுக்கு மிக அருகில் வர வேண்டும். வந்தால் முழு எண்ணாக்கிவிடலாம். 0.4க்கு மேல் விலகி 0.5 என்று வந்தால் எந்தப் பக்கத்து முழு எண் சரி என்றே சொல்ல முடியாது. ரவுண்டிங் 0.5, 0.4க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லி அது நிற்பது இதற்காகத்தான். கணினி விழவில்லை, மவுஸ் நகர்கிறது, பாட்டு ஓடுகிறது. ஆனால் ஒரு கூட்டல் தப்பாகிவிட்டது. மாதக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு பிட் புரண்டாலும் விடை போய்விடும் என்பதால்தான், ஜிம்ப்ஸில் ஒருவர் கொடுத்த விடையை இன்னொருவரின் கணினியில் மறுபடி சரிபார்க்கும் வழக்கம் இருந்தது.

நம் வேலையில் சரிபார்க்கிற ஆள் யாரும் இல்லை. பேக்கப் எடுக்கும்போது ஒரு பிட் புரண்டால் அது புரண்டபடியே பத்திரமாகச் சேமிக்கப்படும். பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது சிஆர்சி பிழை (கோப்பு கெட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை) வருவது, மறுபடி பிரித்தால் வராமல் இருப்பது, ப்ரௌசரில் ஒரு டேப் மட்டும் காரணமில்லாமல் செத்துப்போவது, அதே நிரலைக் கம்பைல் செய்தால் ஒருமுறை சரியாகவும் ஒருமுறை செக்மென்டேஷன் ஃபால்ட் என்றும் வருவது, இதெல்லாம் மென்பொருள் குற்றமாகத் தெரியும். இரண்டாவது முறை அதே இடத்தில் வராத பிழை என்றால் நான் ஹார்டுவேரைத்தான் சந்தேகப்படுவேன்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வந்துகொண்டிருந்தது. பலர் கிராபிக்ஸ் கார்டையும் டிரைவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உண்மையில் சுருக்கிவைத்த தரவைப் பிரிக்கும்போது ப்ராசசர் தப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதால் சில்லே தேய்கிறது என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் விட்டது, வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இது நடந்தது. சில்லு ஒருமுறை ஸ்டேபிள் என்றால் என்றைக்கும் ஸ்டேபிள் இல்லை. வருஷம் ஆக ஆக அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். எல்லையிலிருந்து மூன்று நாலு படி தளர்த்தி வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

தொடங்குகிறவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். பயாஸில் எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரொஃபைல் சேமிக்கலாம்தான், பயாஸ் அப்டேட் செய்தால் பெரும்பாலும் அது அழிந்துபோகும். கணினி ஆன் ஆகவே மறுத்தால் பதற வேண்டாம். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு, மதர்போர்டில் சிமாஸ் கிளியர் என்று போட்டிருக்கும் இரண்டு ஊசியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில விநாடி சேர்த்துப் பிடித்தால் போதும். ஊசி கிடைக்கவில்லையென்றால் அந்த நாணயம் மாதிரி பேட்டரியைக் கழற்றிச் சில நிமிஷம் கழித்துப் போடுங்கள். பிபிஓவை ஆன் செய்தாலே வாரன்டி போகும் என்று ஏஎம்டி எழுதிவைத்திருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது என்றால், என் சினிபெஞ்ச் மதிப்பெண் 11,000 பக்கத்திலிருந்து 12,000ஐ எட்டாமல் நின்றது. ஒரு மணி நேர வேலை ஐம்பத்தைந்து நிமிஷத்தில் முடியும், அவ்வளவுதான். 2500கே காலத்து லாபத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். கேமுக்காகத்தான் என்றால் அதே போர்டில் உட்காரும் 5800எக்ஸ்3டி என்ற ப்ராசசர் இருக்கிறது. 2022இல் வந்தது, மேலே சொன்ன அந்தப் பெருக்கலைத் தொடவே விடாது, பூஸ்ட் வேகம்கூட 5800எக்ஸைவிடக் குறைவு. ஆனால் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் 96 எம்பி எல்3 கேஷ் மெமரியை வைத்துக்கொண்டு பெரும்பாலான கேம்களில் நம் ஓவர்கிளாக்கையெல்லாம் ஊதித் தள்ளிவிடும். என்னைப் பொறுத்தவரை உருப்படியான லாபம் வேகத்தில் இல்லை, அதே வேலைக்குச் சூடும் ஃபேன் சத்தமும் குறைந்ததில்தான்.

இப்போதைய நிலவரம்: நட்சத்திரக் கோர் மைனஸ் 6, அதற்கு அடுத்தது மைனஸ் 10, மற்ற நான்கும் 18க்கும் 22க்கும் நடுவில். பிபிடி மழைக்காலத்தில் 88 வாட், பங்குனி பிறந்ததும் 76. ராம் 3600, ஃபேப்ரிக் 1800. பயாஸ் அப்டேட் செய்தாலோ, கூலரைக் கழற்றி, சூடு கடத்தும் பேஸ்ட்டை மாற்றினாலோ, ராம் சேர்த்தாலோ கோர்சைக்ளர் மறுபடி ஓர் இரவு ஓடும். கல்யாண ஸ்டுடியோ தம்பி, "நம்ம சிஸ்டத்துலயும் இதையெல்லாம் போட்டு விடுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அடுத்தவர் வீட்டு முகூர்த்தம் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறவரை அவன் ப்ராசசர் கம்பெனி அமைப்பிலேயேதான் ஓடும் என்று சொல்லியிருக்கிறேன்.